இஸ்திஹாளா பாடத்தோடு ஒரு வாக்கியம் சேரட்டும்



பெண்களின் உடல்நலம் பற்றிய கட்டுரை இது. சகோதரர்கள் இதை ஒதுக்கிவிட்டுச் செல்ல வேண்டாம். கணவராக, தந்தையாக, மகனாக, ஜமாஅத் நிர்வாகியாக அவர்கள் செய்ய வேண்டியவையும் இதில் உண்டு.

பெண்கள் மத்ரஸாவில் ஓதும் பிள்ளைகள் பருவமடைவதற்கு முன்பே தஹாரத் பாடத்தைக் கற்றுவிடுகின்றனர். ஹைளு எத்தனை நாள், நிஃபாஸ் எத்தனை நாள், இவ்விரண்டிலும் சேராத இஸ்திஹாளா எது என்று விரல்விட்டுக் கணக்கிடப் பழகுகின்றனர். ஷாஃபிஈ மத்ஹபின்படி ஹைளின் குறைந்த அளவு ஒரு பகலும் ஓர் இரவும். மிகுந்த அளவு 15 நாட்கள். ஹனஃபீ மத்ஹபின்படி குறைந்தது 3 நாட்கள்; மிகுந்தது 10 நாட்கள். இவ்வரம்பைக் கடந்து வரும் உதிரம் இஸ்திஹாளா. அந்நிலையிலுள்ள பெண் தொழுகையை விடலாகாது, நோன்பையும் விடலாகாது. சுத்தம் செய்து, பஞ்சோ துணியோ வைத்துக்கொண்டு, ஒளுச் செய்து தொழ வேண்டும். இவ்வளவையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தடங்கலின்றி ஒப்பிக்கக் கேட்டால் உள்ளம் குளிர்கிறது.

இந்தப் பாடத்தின் வேர் மதீனாவில் இருக்கிறது. ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் நேரில் வந்து, தமக்கு உதிரம் நிற்பதே இல்லை, தொழுகையை விட்டுவிடலாமா என்று கேட்டார்கள். அது மாதவிடாய் அன்று, ஒரு நரம்பிலிருந்து வருவது என்று நபியவர்கள் விளக்கினார்கள். ஹம்னா பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களும் இத்தகைய துன்பத்தோடு வந்தபோது, பஞ்சு வைத்துக்கொள்ளுமாறு நபியவர்கள் வழி கூறினார்கள். அன்சாரிப் பெண்கள் மார்க்கத்தை அறிந்துகொள்ள வெட்கத்தைத் தடையாக்கிக்கொள்ளவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அவர்களைப் பாராட்டியதும் நாம் அறிந்ததே. தம் உடலில் ஏற்பட்ட மாற்றத்தை மறைக்காமல், அறிந்தவரிடம் சென்று கேட்ட பெண்களால்தான் இந்தச் சட்டங்கள் நமக்குக் கிடைத்தன.

சட்ட நூலின் நோக்கம் தொழுகை. ஆகவே அந்த உதிரத்தோடு எப்படித் தொழுவது என்பதைக் கூறிவிட்டு நூல் அடுத்த பாடத்துக்குச் செல்கிறது. உதிரம் ஏன் வருகிறது என்பது மருத்துவரின் துறை. அந்த இரண்டு துறைகளையும் இணைக்கும் ஒரு வாக்கியத்தை, இஸ்திஹாளா பாடத்தின் முடிவில் ஒவ்வொரு ஆலிமாவும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள். "வரம்பு கடந்த உதிரம் உன் தொழுகையை நிறுத்தாது, ஆனால் அது உன்னை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்" என்பதே அந்த வாக்கியம்.

நோயின் இயல்பு

வரம்பு கடந்த உதிரத்துக்குக் காரணங்கள் பல. பெரும்பாலானவை அச்சம் தருவன அல்ல. ஹார்மோன் மாறுபாடு, கருப்பைக் கட்டி, கருத்தடைச் சாதனம் என எளிதில் சரிசெய்யத்தக்கவையே மிகுதி. ஆனால் அவற்றினிடையே ஒளிந்து வரும் ஒரு காரணம் கருப்பைவாய்ப் புற்றுநோய். மாதவிடாய்களுக்கு இடையில் உதிரம், தாம்பத்திய உறவுக்குப் பின் உதிரம், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், நீங்காத இடுப்புவலி ஆகியன அதன் அறிகுறிகள். மாதவிடாய் முற்றும் நின்று ஓராண்டு கடந்தபின் தோன்றும் உதிரம் ஹைளா, இஸ்திஹாளாவா என்பதில் மத்ஹபுகளிடையே விரிவான பேச்சு உண்டு. மருத்துவத்தில் அதற்கு ஒரே பேச்சுதான்: தாமதியாமல் காட்ட வேண்டும்.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, 2022 ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அவ்வாண்டில் இதனால் இறந்தோர் ஏறத்தாழ 80,000 பேர். இவர்களுள் பெரும்பாலோர் வளரும் பிள்ளைகளையுடைய தாய்மார்கள், அல்லது மருமகளும் பேரப்பிள்ளையும் வரக் காத்திருக்கும் வயதினர்.

இத்தனை உயிர்களைக் கொள்ளும் இந்நோய், மற்றப் புற்றுநோய்களைவிட நமக்கு மிகுந்த அவகாசம் தருகிறது என்பதே வியப்புக்குரியது. ஹெச்.பி.வி. எனப்படும் வைரஸின் சில வகைகள் கருப்பைவாயில் தங்கிவிடுவதால் இது உண்டாகிறது. தொற்று ஏற்பட்ட நாளிலிருந்து புற்றாக மாறுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. எதிர்ப்புச் சக்தி குறைந்தோரிடம் இது விரைவாக நிகழும். இந்த நெடிய இடைவெளியில் கருப்பைவாயின் மேல்தோலில் சில மாற்றங்கள் தோன்றுகின்றன. அப்போது கண்டுபிடித்துவிட்டால் கருப்பையை அகற்ற வேண்டியதில்லை. கதிர்வீச்சும் கீமோதெரபியும் வேண்டியதில்லை. மாறிய தோலை மட்டும் உறையச் செய்தோ, சூடேற்றியோ, வெட்டியோ நீக்கினால் போதும். பலருக்கு அன்றே வீடு திரும்பலாம்.

இங்கேதான் நாம் சேர்க்கச் சொன்ன வாக்கியத்துக்குப் பின்பாதி ஒன்று தேவைப்படுகிறது. இம்மாற்றங்கள் நிகழும் காலத்தில் உதிரம் வருவதில்லை, வலியும் இருப்பதில்லை. அறிகுறி தோன்றும்போது பெரும்பாலும் நோய் புற்றாகிவிட்டிருக்கும். அப்போதும் காலம் கடந்துவிடவில்லை. அமெரிக்கப் பதிவேடுகளின்படி, கருப்பையைத் தாண்டிப் பரவாத நிலையில் கண்டறியப்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரளவில் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்கின்றனர். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியபின் அவ்வெண்ணிக்கை நூற்றுக்கு இருபது அளவில் நின்றுவிடுகிறது. எனவே அறிகுறி கண்டவர் உடனே செல்ல வேண்டும். அறிகுறி காணாதவர் 30 வயது முதலே குறித்த இடைவெளியில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டின் அரசு 2016 இல் வகுத்த வழிகாட்டுதலும் 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இப்பரிசோதனை வேண்டும் என்கிறது.

திண்டுக்கல் கற்பித்த பாடம்

இது மேலைநாட்டுச் செல்வர்களுக்கு உரிய மருத்துவம் என்று எண்ணுவோர் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்ததை அறிய வேண்டும்.

ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ நலவாழ்வு மையம், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையோடு இணைந்து 2000 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. அதை வழிநடத்தியவர் டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன். விலையுயர்ந்த கருவிகளை அவர்கள் நாடவில்லை. பயிற்சி பெற்ற செவிலியர்கள், நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் கழித்துக் கண்ணால் பார்த்தனர். நம் அடுக்களையில் இருக்கும் வினிகரில் உள்ள அதே அமிலந்தான் இது. மாறுபட்ட தோல் இருக்குமிடம் வெளுத்துத் தெரியும். இதற்கு வி.ஐ.ஏ. சோதனை என்று பெயர். சந்தேகத்துக்கு இடமிருந்தால் உருப்பெருக்கிக் கருவியால் பார்த்து, தேவையானால் சிறு துண்டு எடுத்து, பொருத்தமானவர்களுக்கு அதே வருகையிலேயே உறையச் செய்யும் சிகிச்சையையும் செவிலியர்களே அளித்தனர். பெரிய மாற்றம் உடையோரை மட்டும் மேல்மருத்துவமனைக்கு அனுப்பினர்.

30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்கள் இப்பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். வந்தவர்கள் 31,343 பேர். மற்றொரு பிரிவிலிருந்த 30,958 பெண்களுக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே இருந்தது. 2007 இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பிரிவில் நோய் காற்பங்கு குறைந்தது. இறப்பு நூற்றுக்கு 35 அளவில் குறைந்தது. ஒருமுறை பரிசோதித்ததற்கே இப்பலன். மஹாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் ஹெச்.பி.வி. வைரஸையே கண்டறியும் சோதனையை ஒருமுறை செய்தபோது, இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அம்முடிவு 2009 இல் வெளியானது.

திண்டுக்கல் எண்களை மீண்டும் ஒருமுறை பாருங்கள். ஊருக்கே வந்த பரிசோதனைக்கு மூவரில் ஒருவருக்கு மேல் வரவில்லை. புற்றாக மாறக்கூடிய மாற்றம் கண்டறியப்பட்ட 1,874 பேரில் சிகிச்சை பெற்றவர்கள் நூற்றுக்கு 72 பேர்தாம். ஆகவே தொலைவும் செலவும் மட்டுமே தடைகள் அல்ல என்பது தெளிவு.

இன்னொன்றும் நம் மனச்சான்றைத் தொட வேண்டும். பரிசோதனைக்கு அழைக்கப்படாத பிரிவில் அவ்வாண்டுகளில் இந்நோயால் இறந்த பெண்கள் 92 பேர். பரிசோதிக்காமல் விட்டு ஒப்பிடுவது முறைதானா என்ற அறநெறிக் கேள்வி இத்தகைய ஆய்வுகளைக் குறித்துப் பின்னாளில் எழுந்தது. கேள்வி நியாயமானதே. அத்தகைய விலை கொடுத்துப் பெற்ற அறிவைக் கையில் வைத்துக்கொண்டு பயன்படுத்தாமல் இருப்பது நமக்கு எவ்வகையில் நியாயமாகும்?

பயன்படுத்துகிறோமா? 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் இப்பரிசோதனையை வாழ்நாளில் ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டம் நடத்திப் பின்னர் மாநிலம் முழுதும் இத்திட்டத்தை விரித்த தமிழ்நாட்டிலேயே நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் சற்றுக் குறைவு.

அருகில் இருந்தும் தொலைவு

தட்டாஞ்சாவடியில் வாழும் நமக்குத் தொலைவைக் காரணம் சொல்ல இயலாது. 1823 இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் நமக்கு அருகில், கோரிமேட்டில் இருக்கிறது. மண்டலப் புற்றுநோய் மையமும் அவ்வளாகத்திலேயே உள்ளது. எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கமிருந்து விடியுமுன் பஸ் பிடித்து வந்து வரிசையில் நிற்கும் பெண்களை நாம் காண்கிறோம். அவர்கள் பயணம் செய்து வரும் இடத்துக்கு நாம் சஹருக்குப் பின் புறப்பட்டால் போதும். அப்படியிருந்தும் செல்லவிடாமல் நம்மைத் தடுப்பவை எவை? நாம் பேசிப் பார்த்த பெண்களிடமிருந்து நான்கு காரணங்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன.

முதலாவது, விதி. "அல்லாஹ் எழுதியபடிதான் நடக்கும்; தேடிப் போய் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?" என்கின்றனர். கத்ர் மீதான ஈமான் நம் உயிர்நாடி, அதில் ஐயமில்லை. ஆனால் ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியதை அறிந்து கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வழியிலிருந்தே படையோடு திரும்பியபோது, இறைவிதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். நோய் விதியென்றால், அதை முன்னரே காட்டும் சோதனையும் அவன் விதித்ததே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்பித்த மார்க்கம் நம்முடையது. உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத். அமானத்தாக வந்த நகையைப் பெட்டியில் இருக்கிறதா என்று அவ்வப்போது திறந்து பார்ப்பவரை நம்பிக்கையற்றவர் என்று யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது, ஹயா. இந்த வெட்கம் ஈமானின் கிளை. அதைப் பழிக்க மாட்டோம். சிகிச்சையின் தேவைக்காக, தேவையான அளவுக்கு மட்டும் அவ்ரத்தைப் பார்க்கவும் தொடவும் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகள் இரண்டும் இடமளிக்கின்றன. பெண் மருத்துவர் கிடைக்கும்போது அவரையே நாட வேண்டும் என்ற வரிசையும் அதில் உண்டு. திண்டுக்கல்லில் பரிசோதித்தவர்கள் செவிலியர்களே என்பதை நினைவில் கொள்க. அரசு மருத்துவமனையின் மகளிர் நோய்ப் பிரிவில் பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை, தயங்காமல் கேட்கலாம். மலேசியாவில் 2018 இல் தொடங்கிய ரோஸ் திட்டத்தில், பெண் தானே தனியறையில் மாதிரியை எடுத்துக் கொடுக்கிறாள். ஹெச்.பி.வி. சோதனைக்கு அது போதும். முடிவு கைப்பேசிக்கு வருகிறது. நம் நாட்டில் இம்முறை இன்னும் பரவலாகவில்லை. இதைக் கேட்டுப் பெறும் குரல் நம் பெண்களிடமிருந்து எழுந்தால், அது ஹயாவைக் காப்பதற்கான குரலாகவே இருக்கும்.

மூன்றாவது, பழி. இதைப் பலரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இவ்வைரஸ் உடலுறவின் வழியே தொற்றுவது என்று கேள்விப்பட்டதும், சோதனையில் வைரஸ் இருப்பதாக வந்தால் தன் கற்பைச் சந்தேகிப்பார்களோ என்று பெண் அஞ்சுகிறாள். அச்சந்தேகத்துக்கு அறிவியலில் இடமில்லை. தாம்பத்திய வாழ்வில் நுழைந்த ஆண், பெண் இருபாலரிலும் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இது தொற்றுகிறது. பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானே அகன்றும் விடுகிறது. சிலரிடம் பல்லாண்டுகள் அறியாமலே தங்கிவிடுகிறது. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. ஒரு மருத்துவச் சீட்டை வைத்து மனைவியின் ஒழுக்கத்தைத் தீர்ப்பளிப்பவர், நான்கு சாட்சிகளைக் கொண்டுவராமல் பெண்மீது அவதூறு சொல்வோருக்கு நம் மார்க்கம் விதித்த கடுந்தண்டனையை நினைத்துப் பார்க்கட்டும். அவ்வாறே, நோயுற்ற பெண்ணின் மகளைப் பெண் கேட்கத் தயங்குவோரும் அறிய வேண்டும்: இது தாயிடமிருந்து மகளுக்குப் பரம்பரையாக இறங்கும் சீர்கேடு அன்று.

நான்காவது, செலவும் நாளும். தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்லும் பெண் ஒருநாள் விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போயிற்று. வீட்டிலிருக்கும் பெண்ணோ கணவரின் சம்மதத்துக்கும் துணைக்கும் காத்திருக்கிறாள். மனைவியின் மருத்துவச் செலவைக் கணவரின் கட்டாயக் கடமையான நஃபகாவில் பழைய சட்ட நூல்கள் பல சேர்க்கவில்லை என்று சிலர் எடுத்துக்காட்டக்கூடும். அன்றைய மருத்துவம் எப்போதோ தேவைப்பட்ட ஒன்று. இன்று அது உணவைப்போல, உறையுளைப்போல அடிப்படைத் தேவையாகிவிட்டது என்று கூறி, அதையும் கணவரின் கடமையாகவே இக்கால அறிஞர் பலர் கருதுகின்றனர். மனைவியோடு நன்முறையில் வாழுமாறு குர்ஆன் இட்ட கட்டளைக்கு இதுவே பொருத்தம் என்பது எம் கருத்து. மனைவி நோயுற்றபின் நகையை அடகுவைத்து ஓடும் கணவர், நோயுறாதபோது ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி உடன் செல்வது எளிதல்லவா?

எல்லாச் சோதனையும் வேண்டுமா?

இவ்வாறு எழுதுவதால், பத்திரிகை விளம்பரங்களில் வரும் எல்லா முழுவுடல் பரிசோதனைகளையும் வாங்கிக்கொள்ளச் சொல்கிறோம் என்று யாரும் கருத வேண்டாம். தென்கொரியாவில் நலமாக இருப்போருக்கெல்லாம் தைராய்டை ஸ்கேன் செய்து பார்க்கும் வழக்கம் பரவியது. 2011 இல் அங்கே கண்டறியப்பட்ட தைராய்டுப் புற்றுநோய் 1993 இல் இருந்ததைப்போல 15 மடங்காயிற்று. ஆனால் அந்நோயால் ஏற்படும் இறப்பு குறையவில்லை. வாழ்நாளில் தீங்கு செய்யாமலே இருந்திருக்கக்கூடிய சிறு கட்டிகளுக்காகப் பலர் அறுவைக்கு உள்ளாயினர்.

ஆகவே ஒரு சோதனையைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். நோய் வருமுன் அல்லது தொடக்கத்திலேயே அது காட்டுமா? அப்போது கண்டறிந்தால் சிகிச்சை எளிதாகி, உயிர் காக்கப்படும் என்று நிறுவப்பட்டிருக்கிறதா? அச்சிகிச்சை நமக்கு எட்டக்கூடியதா? கருப்பைவாய்ப் பரிசோதனை மூன்றுக்கும் ஆம் என்று விடை தருகிறது. புகையிலையும் வெற்றிலைப் பாக்கும் போடுவோருக்கு வாயைத் திறந்து பார்க்கும் சோதனை, மார்பகத்தில் கட்டி உண்டா என்று பயிற்சி பெற்ற பெண் ஊழியர் தொட்டுப் பார்க்கும் சோதனை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியனவும் அரசின் பட்டியலில் உள்ளவையே. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதும் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது.

சோதனையில் மாறுபாடு இருப்பதாக வந்தால் அதுவே புற்றுநோய்த் தீர்ப்பு அன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திண்டுக்கல்லில் பரிசோதிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு மாறுபாடு இருப்பதாகத் தோன்றியது. அவர்களில் புற்று உறுதியானவர்கள் மிகச் சிலரே. அடுத்த கட்டச் சோதனைக்குச் செல்ல வேண்டும் என்பதே அம்முடிவின் பொருள். அச்சத்தால் சீட்டைக் கிழித்துப் போட்டு வீட்டில் இருந்துவிடுவதுதான் ஆபத்து.

நாம் செய்யத்தக்கவை

மத்ரஸா செய்யத்தக்கது மிக எளிது. இஸ்திஹாளா பாடம் நடத்தும் ஒவ்வொருவரும் முன்கூறிய வாக்கியத்தை அதன் பின்பாதியோடு கற்பிக்கட்டும். எம் வகுப்பில் அதை இவ்வாறு ஓதுகிறோம்: "வரம்பு கடந்த உதிரம் உன் தொழுகையை நிறுத்தாது; ஆனால் அது உன்னை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். 30 வயதாகிவிட்டால் உதிரம் காணாவிட்டாலும் பரிசோதித்துக்கொள்." பத்து வயதுப் பிள்ளைக்கு இதன் பின்பாதி இப்போது பயன்படாது. ஆனால் பாடத்தை அவள் வீட்டில் உரக்க ஓதுவாள். அடுக்களையிலிருக்கும் தாய்க்கும், திண்ணையிலிருக்கும் பாட்டிக்கும் அது கேட்கும்.

ஜமாஅத் செய்யத்தக்கது இரண்டு. மாதத்தில் ஒருநாள், பத்துப் பெண்களை ஒன்றாக அழைத்துச் செல்ல விவரமறிந்த ஒரு சகோதரியை அமர்த்தலாம். தனியாகச் செல்ல அஞ்சுபவள் பத்துப் பேரோடு செல்வாள். யார் எதற்காகச் சென்றார் என்ற பேச்சும் எழாது. ஏழைப் பெண்களுக்கு அன்றைய கூலியையும் ஆட்டோச் செலவையும் பைத்துல்மாலிலிருந்து கொடுக்கலாம். ஏழைகளும் வறியவர்களும் ஜகாத் பெற உரிமையுடையவர்கள் என்பதால் இதில் தயக்கத்துக்கு இடமில்லை. புற்று முற்றியபின் சிகிச்சைக்கு உதவி கோரிப் பள்ளிவாசலில் துண்டு விரிப்பதைவிட இது மிகவும் சிக்கனமானது. அப்பெண்ணின் மானத்தையும் காப்பது.

கதீப்மார்கள் ஆண்டில் ஒரு ஜும்ஆவில் இதைப் பற்றிப் பேசலாம். மிம்பரில் பேசத்தக்க பொருளா என்று கேட்பவர்களுக்கு, இப்பொருளைப் பெண்களே நபி (ஸல்) அவர்களிடம் கேட்டு விடை பெற்றார்கள் என்பதை நினைவூட்டுவோம். விவரங்களை ஆலிமாக்கள் பெண்களிடம் சொல்லிக்கொள்வார்கள். கணவர்மார் தடையாக இராமல் துணையாக இருக்க வேண்டும் என்று மட்டும் கதீப் சொன்னால் போதும்.

பெண்மக்களைப் பெற்றோர் இன்னொன்றையும் கருதலாம். 9 முதல் 14 வயது வரையுள்ள பெண்பிள்ளைகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. மலேசியா 2010 முதல் பள்ளிகளிலேயே இதை அளித்து வருகிறது. ஊசி போட்டுக்கொண்ட பெண்ணும் 30 வயதில் பரிசோதனைக்குச் செல்லத்தான் வேண்டும். ஆனால் அவளுக்கு ஆபத்து பெரிதும் குறைந்திருக்கும். மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்து முடிவு செய்யுங்கள்.

சகோதரிகளே! வரும் வாரத்தில் ஒரு காலையை இதற்காகக் குறித்துக்கொள்ளுங்கள். ஆதார் அட்டையையும், மாதவிடாய்க் கணக்கு எழுதிய தாளையும் எடுத்துச் செல்லுங்கள். நாட்களைக் கணக்கிட நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தாயோ, மாமியாரோ, மதனியோ வீட்டில் இருந்தால் அவர்களையும் உடன் அழையுங்கள். சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். லுஹருக்கு வீடு திரும்பிவிடலாம்.

நோயைத் தந்தவனும் அதற்கு நிவாரணத்தைத் தந்தவனும் அல்லாஹ்வே. அந்நிவாரணத்தை உரிய காலத்தில் தேடிச் செல்லும் அறிவையும் துணிவையும் நம் பெண்களுக்கு அவன் வழங்குவானாக. நோயுற்றிருக்கும் தாய்மார்கள் அனைவருக்கும் முழுமையான ஷிஃபாவை அருள்வானாக. அவர்களுக்குப் பணிவிடை செய்யும் மருத்துவர்கள், செவிலியர்களின் கைகளில் பரகத் செய்வானாக. ஆமீன்.